விலாசம் தெரிந்த ஆர்.என்.ஏ.

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் பழ ஈயின் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம்தான். அதில் எந்த முனை தலையாகும், எந்த முனை வாலாகும் என்பது முட்டை தாயின் வயிற்றில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. முடிவு செய்பவை, தங்களுக்குரிய இடத்தைத் தேடிப் போய்ச் சேரும் சில ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள்.

வளரும் முட்டையை ஒட்டி 15 ஊட்டச் செல்கள் இருக்கின்றன. பைகாய்டு, ஆஸ்கர் என்ற இரு மரபணுக்களின் தூது ஆர்.என்.ஏ.க்கள் அங்கே உருவாகி, செல்களை இணைக்கும் திறப்புகள் வழியே முட்டைக்குள் வருகின்றன. வந்ததும் பாதை பிரிகிறது. பைகாய்டு முன்முனையில் தங்க, ஆஸ்கர் பின்முனைக்குப் போகிறது. தாய் ஈயிடம் பைகாய்டு பழுதானால் குஞ்சுப் புழுவுக்குத் தலையும் மார்பும் உருவாகாது. ஆஸ்கர் பழுதானால் வயிற்றுப் பகுதியும் இல்லை, அடுத்த தலைமுறைக்கான இனச்செல்களும் இல்லை.

செல்லுக்குள் நுண்குழல்கள் என்னும் மெல்லிய புரதக் குழாய்கள் பரவிக் கிடக்கின்றன. அவற்றின்மேல் டைனீன் என்ற புரதம் ஒரு திசையிலும் கினீசின் என்ற புரதம் எதிர்த்திசையிலும் சுமையோடு நடக்கின்றன. ஆஸ்கரை முட்டைக்குள் கொண்டுவருவது டைனீன்; பின்முனைக்குச் சுமப்பது கினீசின். ஆனால் இது நேர்கோட்டுப் பயணம் அல்ல. உயிருள்ள முட்டையை நுண்ணோக்கியில் கவனித்தபோது, ஆஸ்கர் துகள்கள் எல்லாத் திசைகளிலும் அலைவது தெரிந்தது. பின்முனை நோக்கிய ஓட்டம் சற்றே அதிகம், அவ்வளவுதான். நுண்குழல்களில் கொஞ்சம் கூடுதலானவை அந்தப் பக்கம் நோக்கி அமைந்திருப்பதே காரணம். அந்தச் சிறு சாய்வு, மணிக்கணக்கில் சேர்ந்து, பின்முனையில் ஆஸ்கரைக் குவித்துவிடுகிறது. எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான்.

வழியிலேயே ஆஸ்கர் ஆர்.என்.ஏ.யின் குறிப்பைப் படித்துப் புரதம் உருவானால் காரியம் கெட்டுவிடும். அதனால் புரூனோ என்ற புரதம் போகும் வழியெல்லாம் ஆஸ்கரின் வாயைக் கட்டி வைக்கிறது.

சரி, போகவேண்டிய இடம் எங்கே எழுதியிருக்கிறது? ஆர்.என்.ஏ.யின் கடைசியில், புரதமாக மாறாத வால் பகுதியில். 1992-இல் ஆன் எஃப்ரூசியும் ரூத் லேமனும் ஆஸ்கரின் வாலை நீக்கி, பைகாய்டின் வாலை ஒட்டினார்கள். ஆஸ்கர் முன்முனைக்குப் போனது. தலை வரவேண்டிய இடத்தில் இனச்செல்கள் உருவாயின.

ஆஸ்கரோடு துணைக்குப் போகும் புரதங்களில் ஒன்று ஸ்டாஃபன். அதன் உறவுப் புரதங்கள் பாலூட்டிகளின் நரம்புச் செல்களிலும் இருக்கின்றன, அங்கும் ஆர்.என்.ஏ.க்களைக் கிளைகளுக்குள் கொண்டுசெல்வதில் பங்கேற்கின்றன.