விளையாட்டுக் கணிப்பொறி – வாங்குவதா, கோப்பதா?

விஞ்ஞானம் வளர வளர விளையாட்டும் வளர்கிறது. பாண்டியும் பல்லாங்குழியும் ஆடிய நம் பெரியதாழையில் இன்று அண்ணன்மாரும் தம்பிமாரும் கணிப்பொறி விளையாட்டைப் பற்றியே பேசுகிறார்கள். நாங்களுந்தான்! (சிஸ்டர்கள் கோபிக்க வேண்டாம், பாடம் முடித்த பிறகுதான்.) ஆனால் அதற்கேற்ற கணிப்பொறி விலை மலிந்ததன்று. மீன்பாடு நன்றாயிருந்த மாதங்களில் அப்பா சேர்த்த பணம் அதில் போகிறது. ஆகவே கம்பெனி செய்து விற்பதை அப்படியே வாங்குவதா, பாகங்களை வாங்கிக் கோப்பதா என்று யோசித்தே தீர வேண்டும்.

கணிப்பொறியை வீட்டில் கோக்க முடிவது எப்படி? 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். என்னும் அமெரிக்கக் கம்பெனி தன் தனிநபர் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் மூளையாகிய பிராசசரை இன்டெல்லிடமும், இயக்க மென்பொருளை மைக்ரோசாப்ட்டிடமும் வாங்கியது. மின்சுற்றுப் படங்களையும் புத்தகமாக அச்சிட்டு விற்றது. அதனால் மற்றவர்களும் அதற்குப் பொருந்தும் பாகங்களைச் செய்யத் தொடங்கினர். 1995-இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்னும் பொது அளவை வகுத்தது. திருகாணித் துளைகளின் இடங்கூட அதில் வரையறுக்கப்பட்டது. கட்டுமரத்தில் ஒரு மரம் உளுத்தால் அதை மட்டும் மாற்றிக் கட்டுவார்கள் அல்லவா? அதே கதைதான்.

சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு, ரேம், கேபினெட் எல்லாம் தனித்தனியே கிடைக்கின்றன. விளையாட்டுக்கு முக்கியமானது கிராஃபிக்ஸ் கார்டு. ஓடும் காரையும் பறக்கும் பறவையையும் நொடிக்கு அறுபது முறையாவது திரையில் வரைவது அதுவே. பணத்தின் பெரும்பங்கை விழுங்குவதும் அதுதான்.

ஆயத்தக் கணிப்பொறிக்கு ஒரே பில், ஒரே வாரண்டி. பழுதானால் ஒரே இடத்தில் கேட்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், குறிப்பாக மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில், சிலர் சிக்கனம் பிடிக்கிறார்கள். இன்னும் சிலர் தங்களுக்கென்று தனி வடிவில் மதர்போர்டு செய்கிறார்கள். அது கெட்டால் அவர்களிடமே போக வேண்டும். லேப்டாப்பிலோ கிராஃபிக்ஸ் சிப்பைப் பெரும்பாலும் பலகையோடு பற்றவைத்து விடுவதால் பின்னர் மாற்ற இயலாது.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. அது உப்புக்காற்று! சைக்கிள் கம்பியை அரிப்பது கணிப்பொறியை விட்டுவிடுமா? விளையாட்டுக் கணிப்பொறியில் சூட்டைத் தணிக்க மின்விசிறிகள் அதிகம். அவை ஈர உப்பையும் உள்ளே இழுக்கின்றன. செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. கடலைப் பார்த்த சன்னலருகே வைக்கலாகாது. அவ்வப்போது மின்சாரத்தை நிறுத்தித் திறந்து துடைக்க வேண்டும். தானே கோத்தவருக்குத் திறக்கப் பயமிருக்காது. கெட்ட பாகத்தை மட்டும் மாற்றவும் தெரியும். வல்லுநரை எதிர்பார்த்துத் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ தூக்கிச் செல்ல வேண்டியதில்லை.

ஆயினும் கோப்பது எப்போதும் மலிவு என்று எண்ணிவிடக் கூடாது. 2021-இல் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு. கிரிப்டோ நாணயம் எடுப்போரும் கிராஃபிக்ஸ் கார்டுகளை வாரிக் குவித்தனர். தனிக் கார்டின் விலை ஏறியதால் ஆயத்தக் கணிப்பொறியே பல வேளைகளில் லாபமாயிற்று. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் ரேம் விலை உயர்ந்தது.

எங்கள் எண்ணம் இது: வீட்டில் திருப்புளி பிடிக்க ஆளிருந்தால் கோப்பதே நம் கடற்கரைக்கு ஏற்றது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். அது வெடித்தால் மற்றவற்றையும் கொண்டுபோகும். ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனி. பிராசசருக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டு. அதுவரை பில்லையும் அட்டைப் பெட்டியையும் பரணில் வைத்திருங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போட அம்மா கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்!