உளுந்து வேரழுகல்: ஒரு வயலில் தாங்கிய ரகம் இன்னொன்றில் சாய்வது ஏன்?

சங்கரன்கோவில் கரிசலில் மானாவாரி உளுந்து காய்க்கும் நேரத்தில் மழை தவறினால், செடிகள் திட்டுத்திட்டாக வாடும். பிடுங்கினால் வேர்ப்பட்டை நார்நாராக உரியும். அடியில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கருந்துகள்கள். அவை மேக்ரோபோமினா பேசியோலினா பூஞ்சையின் இழைமுடிச்சுகள். மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடப்பவை. ரகம் சாய்வதற்கு வறட்சி மட்டும் காரணமல்ல. பூஞ்சையே இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. இதில் பாலினப் பெருக்கம் கண்டறியப்படவில்லையே, வேறுபாடு எப்படி வரும் என்று கேட்கலாம். சடுதிமாற்றங்கள் சேர்கின்றன, இழைகள் இணையும்போது உட்கருக்கள் கலக்கவும் வழியுண்டு. அப்படியானால் பயிருக்கொரு பூஞ்சை வகை என்று பிரித்துவிடலாமே? முடியாது, 500-க்கும் மேற்பட்ட செடிகளைத் தாக்கும் இது எள்ளிலிருந்து உளுந்துக்கும் தாவும். ஆகவே ஒரே பூஞ்சை மாதிரியை வைத்து எதிர்ப்புத்திறனைச் சோதிப்பது போதாது. சங்கரன்கோவில் உள்ளிட்ட தென்காசி வயல்களில் எடுத்த மாதிரிகளும் அந்தச் சோதனையில் சேர வேண்டும்.