வேலியோரம் ஒரு தாழை

குளிர்நாட்டுப் பியோனி மலர், கிரேக்கத் தேவர்களின் மருத்துவரான பையோனின் பெயரைத் தாங்கியது. கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் அது நன்கு பூக்கும்; மாயாபந்தரின் வெப்பம் அதற்கு ஒவ்வாது. புராணமும் நறுமணமும் ஒருங்கே அமைந்த மலரை இங்கு நாடுவோர் கடற்கரைக்குச் செல்லலாம். உப்புக்காற்றுக்கு அஞ்சாத தாழை அங்கே முட்கள் சூழ நிற்கிறது.

அடிமுடி தேடிய போட்டியில் பிரமனுக்காகப் பொய்ச்சாட்சி கூறியதால் தாழம்பூ சிவபூசையினின்று விலக்கப்பட்டது என்பது புராணம். ஆயினும் இராமநாதபுரம் மாவட்டத்து உத்தரகோசமங்கையில் ஈசனுக்கு அது சாத்தப்படுகிறது. சாபம் மணத்தைத் தீண்டவில்லை போலும்! ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இம்மலரைச் செப்புக் கலங்களில் காய்ச்சி வடித்து அத்தர் எடுக்கின்றனர்.

வீட்டில் வளர்க்க விரும்புவோர் ஒன்றை மறக்கலாகாது. தாழையில் ஆண், பெண் மரங்கள் தனித்தனியே உள்ளன. மணம் கமழும் தாழம்பூ ஆண் மரத்திற்கே உரியது. விதையிட்டு வளர்த்தால், எம்மரம் என்பது பல ஆண்டுகள் கழித்துப் பூக்கும்போதே தெரியும். காத்திருப்பு வீணாகக் கூடும். ஆகவே, பூத்தறிந்த ஆண் மரத்தின் பக்கக்கன்றையே கேட்டு வாங்குங்கள். மணற்பாங்கான நிலமும் நல்ல வெயிலும் போதும். இலையோரமெங்கும் முள் என்பதால், குழந்தைகள் விளையாடும் இடத்தை விட்டு வேலியோரமாக நடுவதே நன்று. விழுதூன்றி அகலப் பரவும். இடம் தாராளமாக விடுங்கள்.

பூத்தபின், வாடிய மடலொன்றைப் புடவைகளுக்கிடையே வைத்துப் பாருங்கள். நம் பாட்டிமார் பெட்டிகளின் மணம் அதுவே.