வெளிநாட்டுப் பயணம்: எதை முன்பே புக் செய்வது, எதை விட்டுவிடுவது?

பள்ளிபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா போன மாதம் கம்ப்யூட்டர் வாங்கினார். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், அவளுக்காக வாங்கியது. ஆனால் அதன் முன்னால் அதிக நேரம் உட்கார்ந்திருப்பவர் மாமாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாப்ள, ஆவணி வாக்குல குடும்பத்தோட இலங்கை போயி நல்லூர் முருகனைப் பாத்துட்டு வரலாம்னு இருக்கறோம். ரூமு, ரயிலு எல்லாத்தையும் இப்பவே புக் பண்ணிப்போடலாமா, இல்ல அங்க போயி பாத்துக்கலாமா?"

கேள்வி கேட்டாரே தவிர, பாதி வேலையை முடித்தே வைத்திருந்தார். திரையில் 6 இரவுக்கான ஓட்டல் பக்கம் திறந்திருந்தது. பணம் கட்டும் பட்டனை அழுத்துவது மட்டும்தான் பாக்கி. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'இன்னும் ஒரே ஒரு ரூம்தான்' என்று மிரட்டல் வேறு. மவுஸை அவர் கையிலிருந்து வாங்கி நகர்த்தி வைத்தேன். காரணம், 2024-ல் அதே மாதிரி ஒரு பட்டனை நான் அழுத்தியிருந்தேன்.

மிச்சம் 2,800, நஷ்டம் 18,200

சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். அப்பா நாலு தறி ஓட்டுகிறார். அப்பாவும் அம்மாவும் அதுவரை விமானம் ஏறியதில்லை. 2024 ஆகஸ்டில் இலங்கை கூட்டிப் போகத் திட்டமிட்டேன். எல்லாவற்றையும் இரண்டு மாதம் முன்பே இண்டர்நெட்டில் முடித்துவிட்டேன். ரூம்களுக்கு இரண்டு விலை காட்டியது. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விலை 21,000 ரூபாய். திரும்பக் கிடைக்காத விலை 18,200 ரூபாய். எப்படியும் போகத்தானே போகிறோம் என்று குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்தேன். 2,800 ரூபாய் மிச்சம் என்று அப்பாவிடம் பெருமையாகவும் சொன்னேன்.

கிளம்ப 5 நாள் இருக்கும்போது பெரியப்பா காலமானார். பங்காளி வீட்டுச் சாவு. காரியம் முடியும் வரை எங்கேயும் நகர முடியாது, கோயில் படி ஏற முடியாது. ரூம் பணம் 18,200 மொத்தமாகப் போனது. விமான டிக்கெட்டில் வரித் தொகை மட்டும் திரும்பி வந்தது. புக்கிங் தளத்தின் மேல் எந்தத் தவறும் இல்லை. 'பணம் திரும்பக் கிடைக்காது' என்று எழுதித்தான் இருந்தது. நான்தான் படித்தும் அலட்சியமாக இருந்தேன்.

அப்பா திட்டவில்லை. "நாலு தறி எத்தனை நாள் ஓடுனா அந்தக் காசு வரும்னு கணக்குப் பாத்தயா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகுதான் நான் உண்மையிலேயே கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன்.

இரண்டே கேள்விகள்

'எல்லாவற்றையும் புக் செய்' என்பதும் தவறு, 'போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பதும் தவறு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

1. இது கிடைக்காமல் போனால் பயணம் கெட்டுவிடுமா?
2. புக் செய்த பின் போக முடியாவிட்டால் எவ்வளவு பணம் போகும்?

முதல் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் புக் செய்யுங்கள். 'இல்லை' என்றால் விட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் தொகை உங்களால் தாங்க முடியாதது என்றால், ரத்து செய்யும் வசதியுள்ள விலையைத் தேர்ந்தெடுங்கள். கூடுதலாகக் கட்டும் தொகையை இன்ஷூரன்ஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பயணத்தையே உதாரணமாக வைத்து இதைப் பார்ப்போம்.

கப்பல்: வானிலை கையில் இருக்கிறது

நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியது. சுமார் 110 கிலோமீட்டர் தூரம், 4 மணி நேரப் பயணம். பல பத்தாண்டுகளுக்குப் பின் கப்பலில் இலங்கை போகலாம் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் வடகிழக்குப் பருவமழை நெருங்கியதால் ஒரு வாரத்துக்குள்ளேயே நின்றது. பின்பு 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் மறுபடியும் நிறுத்தி, 2025 பிப்ரவரியில் திரும்ப இயக்கினார்கள்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடல் அப்படி. ஆனால் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. கப்பலில் போவதாக இருந்தால், டிக்கெட்டை புக் செய்யலாம். கப்பல் இறங்கிய அன்றே கிளம்பும் ரயிலையோ, பணம் திரும்பாத ரூமையோ அதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கப்பல் ஒரு நாள் தள்ளிப் போனால் பின்னால் உள்ளது எல்லாம் வரிசையாகச் சரியும். மழைக்காலத்தில் போவதென்றால் விமானத்தையே பாருங்கள். திருச்சியிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. நமக்கு ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு ஜங்ஷன், அங்கிருந்து ரயிலில் திருச்சி.

ரயில்: நாள் குறித்து உட்கார வேண்டும்

நம் ஊர் ரயிலில் 60 நாள் முன்பே டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பர் 1 வரை அது 120 நாளாக இருந்தது. இலங்கை ரயில்வேயின் இருக்கை முன்பதிவு பொதுவாக 30 நாள் முன்புதான் திறக்கும். அதனால் இரண்டு மாதம் முன்பே தேடிவிட்டு 'ரயிலே இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

கண்டியிலிருந்து தேயிலைத் தோட்டங்கள் வழியாக எல்ல போகும் மலை ரயிலுக்கு உலகம் முழுவதும் போட்டி. முன்பதிவு திறந்த சிறிது நேரத்திலேயே இடங்கள் தீர்ந்து, பின்பு வெளியே பல மடங்கு விலைக்கு விற்கப்படுவதாகப் புகார்கள் எழுந்தன. இது தொடர்பாக 2025 ஜனவரியில் கைதும் நடந்தது. எனவே யாரோ ஒருவர் தன் தளத்தில் 'டிக்கெட் உறுதி' என்று விலை போட்டால் யோசியுங்கள்.

2025 ஆகஸ்டில் நாங்கள் இரண்டாவது முறை திட்டமிட்டோம். 30-வது நாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தும் மலை ரயிலில் இடம் கிடைக்கவில்லை. முதல் கேள்வியை அம்மாவிடம் கேட்டேன். "முருகனைப் பாத்தாப் போதும் சாமி, ரயிலு கெடச்சா ஏறலாம்" என்றார். அன்றே ஸ்டேஷனில் வாங்கும் முன்பதிவில்லாத டிக்கெட் இருப்பது தெரிந்தது. நானுஓயாவில் மூன்றாம் வகுப்பில் ஏறினோம். ஒரு அக்கா நகர்ந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார். அப்பாவும் நானும் எல்ல வரை கதவோரம் நின்றபடியே வந்தோம்.

இப்போது போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் தாக்கியபோது மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் பலத்த சேதமடைந்தது. உங்கள் தேதியில் ரயில் எதுவரை ஓடுகிறது என்று பார்த்த பிறகே அந்தப் பக்கம் ரூம் போடுங்கள்.

ரூம்: முதல் இரவும் திருவிழா இரவும்

கொழும்பு விமான நிலையம் இருப்பது கட்டுநாயக்கவில். நகரத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். இரவில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெற்றோருடன் லாட்ஜ் தேடுவது வேண்டாத வேலை. தங்கும் முகவரியை விசா விண்ணப்பத்திலும் கேட்பார்கள். ஆகவே முதல் இரவை கட்டாயம் புக் செய்யுங்கள்.

அடுத்து திருவிழா இரவுகள். நல்லூர் கந்தசுவாமி கோயில் திருவிழா ஆடி அமாவாசையை அடுத்துக் கொடியேறி 25 நாள் நடக்கும். தேரன்று யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுத் தமிழர் கூட்டமும் சேரும். ஆடி, ஆவணியில் கண்டியில் பெரஹர ஊர்வலம். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு சமயம் நுவரெலியாவில் சீசன். இந்த நாள்களில் அந்தந்த ஊர்களில் ரூம் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். இவற்றை முன்பே போட்டுவிடுங்கள், ஆனால் ரத்து வசதியோடு. மற்ற ஊர்களில் மற்ற நாள்களில் இரண்டு நாள் முன்பு பார்த்தாலே போதும்.

உள்ளூர்ப் போக்குவரத்துக்கு முன்பதிவே தேவையில்லை. முக்கிய ஊர்களுக்கு இடையே பஸ்கள் அடிக்கடி ஓடுகின்றன. கொழும்பில் 'பிக்மீ', 'ஊபர்' ஆகிய ஆப்கள் வழியாக ஆட்டோவும் காரும் அழைக்கலாம். ஏழு நாளுக்கும் ஒரே காரை இங்கிருந்தே முழுப் பணம் கட்டி வைத்தால், நடுவில் திட்டம் மாறும்போது அதுவே கால்கட்டு.

திரையில் என்ன பார்க்க வேண்டும்?

1. முகவரிப் பட்டை. விசா போன்ற அரசு வேலைகளுக்கு இலங்கை அரசுத் தளங்களின் முகவரி 'டாட் ஜிஓவி டாட் எல்கே' என்று முடியும். தேடலில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் அரசுத் தளம் போலவே தோன்றி, கூடுதல் கட்டணம் வாங்கும். பூட்டுப் படம் இருப்பதால் மட்டும் ஒரு தளம் நேர்மையானது ஆகிவிடாது. விசா விதிகளும் கட்டணமும் 2023-க்குப் பின் பலமுறை மாறிவிட்டன. எனவே அரசுத் தளத்தில் உள்ளதை மட்டும் நம்புங்கள்.

2. ஃபில்டர். ரூம் தேடும் தளங்களில் இடது பக்கம் ஃபில்டர் பட்டியல் இருக்கும். அதில் 'ஃப்ரீ கேன்சலேஷன்' என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். பணம் திரும்பாத ரூம்கள் மறைந்துவிடும்.

3. ரத்து செய்யக் கடைசி நாளும் நேரமும். இது பெரும்பாலும் ஓட்டல் இருக்கும் நாட்டு நேரப்படி இருக்கும். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம், கவலையில்லை. மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு 12 மணி என்றால் நமக்கு இரவு 9.30. பத்து மணிக்குச் சாவகாசமாக உட்கார்ந்தால் பணம் போய்விடும்.

4. கடைசிப் பக்கத் தொகை. முதலில் காட்டும் விலையில் வரி சேராமல் இருக்கலாம். மலேசியாவில் வெளிநாட்டவர்களுக்கு ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி.

5. மேப். 'கோயிலுக்கு அருகில்' என்று எழுதியிருப்பதை நம்பாமல், மேப்பில் தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள்.

6. 'ஒரே ஒரு ரூம்தான்' மிரட்டல். பெரும்பாலும் அந்தத் தளத்திடம், அந்த விலையில் மீதமிருப்பது ஒன்று என்றே பொருள். ஓட்டலில் வேறு ரூம் இல்லை என்று பொருளல்ல.

கார்டு விஷயம்

ரிசர்வ் வங்கியின் 2020-ம் ஆண்டு விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டே வரும். வங்கியின் ஆப் அல்லது நெட்பேங்கிங்கில் அதைத் திறந்து, அளவான வரம்பு வையுங்கள். பல வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கப்படலாம் என்பதால், கார்டு விவரத்தை எந்தத் தளத்திலும் சேமிக்காதீர்கள். வேலை முடிந்ததும் வசதியை மூடிவிடுங்கள். 'ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?' என்று வெளிநாட்டுத் தளமோ மெஷினோ கேட்டால், அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுப்பது பொதுவாக லாபம்.

ஒரு சின்ன அட்டவணை

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து ஐந்து பத்திகள் போடுங்கள்: எது, தேதி, தொகை, ரத்து செய்யக் கடைசி நாள், போக முடியாவிட்டால் நஷ்டம். கடைசிப் பத்தியின் அடியில் கூட்டுத்தொகை போடுங்கள். 2024-ல் இதைப் போட்டிருந்தால் ரூமுக்கு மட்டும் 18,200 என்று கண்ணில் அடித்திருக்கும். 2025-ல் ரூம் நஷ்டத்துக்கு நேராக வந்தது ஓர் இரவு வாடகை மட்டும். விமான டிக்கெட் இல்லாமல் மொத்தமே அவ்வளவுதான்.

உறுதிச் சீட்டு ஈமெயிலில் வந்ததும், கண்ட்ரோல், பி இரண்டையும் சேர்த்து அழுத்தி 'சேவ் அஸ் பிடிஎஃப்' தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். செல்போனில் ஒரு நகல், பெட்டிக்குள் ஒரு பிரிண்ட் அவுட். அங்கே இண்டர்நெட் வேலை செய்யாவிட்டாலும் கவலையில்லை.

மாமா வீட்டில் அன்றே இந்த அட்டவணையைப் போட்டோம். 6 இரவில் மூன்றுதான் புக் ஆனது. கொழும்பில் முதல் இரவு, யாழ்ப்பாணத்தில் தேரை ஒட்டி இரண்டு இரவு. மூன்றுமே ரத்து வசதி உள்ளவை. எல்லாம் முடிந்ததும் மாமா எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ரத்து செய்யக் கடைசி நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். "கம்ப்யூட்டர்ல இருந்தா மறந்துபோயிரும் மாப்ள" என்றார்.

நீங்களும் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.