உழைப்பும் உடைமையும்: ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி வருமான வரி பற்றிய ஒரு குறிப்பு

வரிச் சட்டத்தை எண்களின் தொகுதியாக மட்டும் கொள்வது பொருந்தாது. ஒரு சமுதாயம் எவ்வகை வருமானத்தை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அது புலப்படுத்துகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி வருமான வரி இதற்குத் தக்க சான்றாகும். 1913ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தத்தை அடுத்து நிலைபெற்ற இவ்வரி, வருமானம் உயருந்தோறும் வீதமும் உயரும் படிமுறை வரியாகும்.

உயர்ந்த படியை எட்டியதும் முழு வருமானமும் அவ்வீதத்துக்கு உட்படும் எனப் பலர் கருதுவர். இது தவறாகும். அப்படியினுள் அடங்கும் தொகைக்கு மட்டுமே அவ்வீதம் பொருந்தும்.

எடுத்துக்காட்டாக, 2024இல் 60,000 டொலர் ஊதியம் பெற்ற, மணமாகாத ஒருவரைக் கருதுவோம். பொதுக் கழிவான 14,600 டொலரை நீக்கினால் வரிக்குரிய வருமானம் 45,400 டொலராகும். இதில் முதல் 11,600 டொலருக்கு 10 வீதப்படி 1,160 டொலரும், எஞ்சிய 33,800 டொலருக்கு 12 வீதப்படி 4,056 டொலரும் வரியாகும். மொத்தம் 5,216 டொலர். இதற்குப் புறம்பாக, சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்புறுதிக்குமாக, எவ்விதக் கழிவுமின்றி முழு ஊதியத்திலும் 7.65 வீதம், அதாவது 4,590 டொலர், அறவிடப்படும். ஆகவே அவர் செலுத்துவது 9,806 டொலர்.

இனி, வேறு வருமானம் இல்லாத மற்றொருவர், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்று அதே 60,000 டொலரை இலாபமாகப் பெற்றார் எனக் கொள்வோம். அவருக்கும் அதே கழிவு உண்டு. ஆனால் நீண்டகால மூலதன இலாபத்துக்கு, அவ்வாண்டில் வரிக்குரிய வருமானம் 47,025 டொலர் வரை வரி வீதம் பூச்சியமாகும். ஊதியத்தின் மீதான அறவீடும் அவரைச் சாராது. அவர் செலுத்தும் சமஷ்டி வரி ஏதுமில்லை.

அறவிடும் காலத்திலும் இவ்வேறுபாடு உண்டு. 1943ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், ஊதியம் கைக்கு வருமுன்னரே வரி பிடித்துக்கொள்ளப்படுகின்றது. பங்கின் பெறுமதி உயர்வோ விற்கும்வரை வரிக்கு உட்படுவதில்லை. உடைமையாளர் விற்காமலே இறப்பின், இறந்த நாளின் பெறுமதியே வாரிசின் கொள்விலையாகக் கணிக்கப்படும்; அதுவரை திரண்ட இலாபம் வருமான வரியிலிருந்து முற்றாகத் தப்பிவிடுகின்றது.

கம்பனி இலாபத்துக்கு ஏற்கெனவே வரி செலுத்தப்பட்டுள்ளது என்றும், இலாபத்தில் ஒரு பகுதி பணவீக்கத்தின் விளைவே என்றும் இவ்வேற்பாட்டை ஆதரிப்போர் வாதிடுவர். இவ்வாதங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. எனினும், பணவீக்கம் ஊதியத்தின் வாங்கும் ஆற்றலையும் குறைக்கின்றது. அதற்காக ஊதியம் பூச்சிய வீதத்தைப் பெறுவதில்லை.

ஆகவே, ஒரு வரியின் நேர்மையை மதிப்பிட வீத அட்டவணையை நோக்குவது மட்டும் போதாது. அவ்வருமானம் உழைப்பிலிருந்து வந்ததா, உடைமையிலிருந்து வந்ததா என்பதையும் வினவுதல் வேண்டும்.