மண்ணோடு மண்ணாகும் இயந்திரங்கள்

இயந்திர மனிதன் என்றவுடன், இரும்பு உடலும் கண்ணாடிக் கண்களும் கொண்டு தடதடவென நடந்துவரும் ஓர் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. ஆனால், 'ரோபோ' என்னும் சொல்லை உலகறியச் செய்த செக் மொழி எழுத்தாளர் காரெல் சாப்பெக், 1920ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நாடகத்தில் அவற்றை இரும்பாலானவையாகக் காட்டவில்லை. அவர் கற்பனையில் உருவான ரோபோக்கள், தசையையொத்த செயற்கைக் கூழினால் ஆனவை. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து அப்பெயரை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய தமையனார் யோசெப் ஆவார். நூறாண்டுகள் கடந்த இந்நாளில், அறிவியலறிஞர் சிலர் மெய்யாகவே மெல்லிய உடல் கொண்ட இயந்திரங்களைப் படைத்து வருகின்றனர். அவற்றுள்ளும், வேலை முடிந்தபின் மக்கிப் போகும் இயந்திரங்களைப் பற்றி ஈண்டுக் கூற விழைகின்றோம்.

எலும்பும் இரும்பும் இல்லாத உடல் எவ்வாறு அசையும்? மாணவர்கள் வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். நீண்ட பலூன் ஒன்றின் ஒரு பக்கத்தில் மட்டும், நுனி முதல் அடி வரை ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு ஊதுங்கள். ஒட்டிய பக்கம் நீள இயலாமல் நிற்க, மறுபக்கம் நீளும். பலூன் வாழைப்பழம் போல் வளைந்துவிடும். காற்றை விட்டால் மீண்டும் நிமிரும். இவ்வளவே இதன் சூட்சுமம். இத்தகைய காற்றறைகள் பலவற்றை ஒருங்கே அமைத்து, ஒன்றில் காற்றைக் கூட்டி மற்றொன்றில் குறைத்தால், யானையின் துதிக்கையைப் போல் நாலாபுறமும் வளையும் கை ஒன்று கிடைத்துவிடுகின்றது. இரும்புக் கை நசுக்கிவிடக்கூடிய கனிந்த பழத்தையும் முட்டையையும் இக்கை பதமாகத் தூக்கும்.

இக்கைகளைச் செய்யப் பெரும்பாலும் பயன்படுவது சிலிக்கோன் என்னும் செயற்கை இரப்பர். நன்றாக நீளும். ஆனால், குப்பையில் எறிந்தால் எளிதில் மக்காது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்சாதனக் கழிவு குவிந்ததாக ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகின்றது. அதில் முறையாகச் சேகரித்து மறுபயன்பாட்டுக்கு அனுப்பப்பட்டது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இக்குவியலின்மேல் நாளை மெல்லிய இயந்திரங்களும் வந்து சேர வேண்டுமா என்பதே அறிஞர்களைச் சிந்திக்க வைத்த வினா.

மக்கும் பொருளைத் தேடுவது கடினமன்று. உழைக்கும்வரை உழைத்து, பின்னர் மக்கும் பொருளைத் தேடுவதே கடினம். பால்மரம் சீவிய பெற்றோர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. மங்கில் விட்டுவிட்ட பால் மறுநாளே உறைந்து நாற்றமெடுக்கும். நுண்ணுயிர்கள் அதனை உண்ணத் தொடங்கிவிடுகின்றன. அதே பாலிலிருந்து எடுத்த இரப்பரை கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். இரப்பரின் நீண்ட இழைகளைக் கந்தகம் பாலம் போல் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றது. அப்பிணைப்பினால்தான் டயர் உழைக்கின்றது. அப்பிணைப்பினால்தான் வீசியெறிந்த டயர் மக்காமல் கிடந்து, மழைநீர் தேங்கிக் கொசுவுக்கும் தொட்டிலாகின்றது. உறுதியைக் கொடுத்த பிணைப்பே மக்கலைத் தடுத்துவிட்டது.

அவிழ்க்கக்கூடிய பிணைப்பு வேண்டும். ஆஸ்திரியா நாட்டின் லின்ஸ் நகரிலுள்ள யோகன்னஸ் கெப்ளர் பல்கலைக்கழகத்தார் அதனைச் சமையலறைப் பொருள்களிலேயே கண்டனர். மார்ட்டின் கால்டன்புருன்னர் என்பாரின் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஜெலட்டின், சர்க்கரை, கிளிசரின், சிட்ரிக் அமிலம், நீர் ஆகியவற்றைக் கலந்து மீள்தன்மையுள்ள ஒரு பொருளைப் படைத்திருந்தனர். மாட்டின் அல்லது பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது ஜெலட்டின். திருநாளுக்கு நம் வீடுகளில் செய்யும் அகார்-அகார் கடற்பாசியிலிருந்து வருவது. இரண்டையும் ஒன்றென எண்ணிவிடலாகாது.

சூடான நீரில் தனித்தனியே மிதக்கும் ஜெலட்டின் இழைகள், ஆறியதும் கயிறுபோல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்கின்றன. மீண்டும் சூடேற்றினால் முறுக்கு அவிழும். ஆயினும் வெறும் ஜெலட்டினைச் செய்து வைத்தால், சில நாள்களில் காய்ந்து உடையும்; இல்லையேல் பூஞ்சை பிடிக்கும். கிளிசரின் நீரை ஆவியாக விடாமல் பிடித்து வைக்கின்றது. சிட்ரிக் அமிலம் நுண்ணுயிர்களை அண்டவிடுவதில்லை; ஊறுகாயின் புளிப்பு செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுவே. சர்க்கரை உறுதியைத் தருகின்றது. இக்கலவையால் செய்த காற்றறை 3 இலட்சம் தடவைக்கு மேல் வளைந்து நிமிர்ந்தும் பழுதடையவில்லை. வேலை முடிந்தபின் மிகுந்த நீரில் இட்டால் கிளிசரினும் அமிலமும் கரைந்து அகல, எஞ்சிய ஜெலட்டின் நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றது. காவலை நீக்கினால் மக்கல் தொடங்கிவிடும் என்னும் இவ்வேற்பாட்டை எண்ணி நாம் வியக்கின்றோம்.

அக்குழுவினரே 2022இல் இப்பொருளை உருக்கி, முப்பரிமாண அச்சுப்பொறியின் வழியே இழையிழையாக வார்த்தனர். அவ்வாறு அச்சிட்டது தன் நீளத்தைப் போல் ஆறு மடங்குவரை நீண்டது. பழுதானதை உருக்கி ஐந்து தடவைவரை மீண்டும் அச்சிடவும் முடிந்தது. ஒளி செல்லும் மெல்லிய பாதைகளை உடலில் பதித்து, தான் வளைவதையும் எதிரிலுள்ள பொருளையும் அறியும் விரலொன்றையும் படைத்தனர்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். சூட்டில் இளகுவதும் ஈரத்தை உறிஞ்சுவதும் இப்பொருளின் இயல்பு. நம் நாட்டு வெயிலிலும் அடைமழையிலும் திறந்த வெளியில் இதனை நிறுத்தி வேலை வாங்குவது எளிதாக இராது என்பது எம் எண்ணம். மேலும், கை மக்கினாலும் அதற்குக் காற்றூட்டும் பம்பும், மின்கலமும், கம்பிகளும் மக்குவதில்லை.

பம்பும் மின்கலமும் இல்லாமலே இயங்கும் ஒன்றை அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லைனிங் யாவோ என்னும் பெண்மணியின் குழுவினர் 2023இல் செய்து காட்டினர். எரோடியம் என்னும் செடியின் விதைக்குச் சுருள்வால் ஒன்றுண்டு. ஈரம் பட்டால் வால் நிமிரும், காய்ந்தால் சுருளும். அவ்வாறு திரும்பத் திரும்பச் சுழன்று, திருகாணிபோல் விதையை மண்ணுக்குள் இறக்கிவிடும். இதனைக் கண்ட அவர்கள், மெல்லியதாகச் சீவிய வெள்ளை ஓக் மரத்தைச் சுருட்டி, ஒரு வாலுக்குப் பதில் மூன்று வால்கள் வைத்தனர். சமதரையில் விழுந்தால் ஒற்றை வால் படுத்துவிடும். மூன்று வால்கள் முக்காலிபோல் ஊன்றி விதையை நிமிர்த்தி நிறுத்தும். இருமுறை நனைந்து காய்ந்தபின், சமதரையில் இட்டவற்றுள் 80 விழுக்காடு மண்ணைத் துளைத்து இறங்கின. மனிதர் செல்ல இயலாத மலைச்சரிவுகளில் வானிலிருந்து தூவுவதற்கென்றே இவை எண்ணப்பட்டவை. விதையுடன் உரத்தையும், பயிருக்கு நன்மை செய்யும் நுண்புழுக்களையும் இவை சுமக்கின்றன. விதை முளைத்தபின் சுமந்து வந்த மரச்சீவல் அதே மண்ணில் மக்கிப் போகின்றது.