எந்தப் பட்டியலில் நம் தெரு இருக்கிறது?



பேட்டையில் கூடியிருக்கிறோம். இங்கிருந்து மதுரைச் சாலையில் போனால் கங்கைகொண்டான். இன்று சிப்காட் என்றால் தெரியும். சமூக ஆய்வு உலகுக்கு அது நூறாண்டாகத் தெரிந்த ஊர். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1918இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூலில் அதுவும் ஒன்று. 1930களிலும் 1980களிலும் அங்கே மறு ஆய்வு நடந்தது.

இத்தனை ஊர் இருக்க அந்த ஊர் ஏன்? ஸ்லேட்டர் குலுக்கிப் போட்டு எடுக்கவில்லை. அவரவருக்குத் தெரிந்த ஊரை ஆராய்ந்து வரும்படி தம் மாணவர்களிடம் சொன்னார். 1916இல் கல்லூரியில் படித்தவர்கள் யார்? பெரும்பாலும் நம் தாத்தாக்கள் அல்ல. கல்லூரி வாசல் யாருக்குத் திறந்திருந்ததோ, அவர்கள் ஊர்தான் நூலில் ஏறியது. இப்படிக் கைக்கு எட்டியதை எடுப்பதற்கு வசதி மாதிரி என்று பெயர். அதற்காக ஸ்லேட்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்த நூல் இல்லாவிட்டால் பிறகு ஒப்பிட எதுவும் இருந்திருக்காது.

ஊர் முடிவானாலும் சிக்கல் தீராது. 1961–62இல் தஞ்சாவூர்ப் பகுதியில் ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தெய் அக்கிரகாரத்தில் தங்கினார். அதனாலேயே சேரி மக்களோடு இயல்பாகப் பழக முடியாமல் போனதை அவரே எழுதியிருக்கிறார். எழுதாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ!

சமவாய்ப்பு மாதிரி எடுத்தால் தீர்ந்ததே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சமவாய்ப்பு என்றால் கண்ணில் பட்டவரைக் கேட்பதல்ல. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். ஆனால் புறம்போக்கில் குடிசை போட்டவரும், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவரும் பட்டியலிலேயே இல்லையென்றால்? எத்தனை முறை குலுக்கினாலும் வரமாட்டார்கள். மாதிரியைப் பெரிதாக்கினாலும் அந்தப் பிழை குறையாது. பட்டியலில் இருந்தாலும், பகல் பதினொரு மணிக்குப் போனால் கூலி வேலைக்குப் போனவர் வீடு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு நகர்வது சுலபம். நாமும் நகர்ந்திருக்கிறோம். படிவங்கள் நிரம்பின, கூலிக்காரர்கள் குறைந்தார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 20 பேர். 400 வீடு எடுத்தால் ஏறக்குறைய 80 வரும். அதை ஒரே கட்டாக வைத்தால் பள்ளர், பறையர், அருந்ததியர் வேறுபாடு மறைந்துவிடும். தலித்துகளுக்கே துணி வெளுத்த புதிரை வண்ணார் ஒரு வீடுகூட வராமல் போகலாம். மாதிரியில் வராதவர் அறிக்கையில் இல்லாதவர் ஆகிவிடுவார். அவர்களைத் தனி அடுக்காக்கி, விகிதத்தைவிடக் கூடுதலாக எடுக்க வேண்டும். மொத்தக் கணக்கில் சேர்க்கும்போது அதற்கேற்ப எடையைக் குறைத்துக்கொள்ளலாம். பட்டியலே கிடைக்காத இடத்தில், ஒரு வீட்டார் காட்டும் அடுத்த வீட்டுக்குப் போவதுதான் வழி. பனிப்பந்து முறை என்கிறார்கள், நம் வெயிலில் பனி ஏது! அப்படிப் போய்க் கேட்ட வாழ்க்கைகளை விரிவாக எழுதலாம். நூற்றுக்கு இத்தனை பேர் என்று மட்டும் எழுத முடியாது.